ஆண்டு விழா டான்ஸ் வீடியோ மியூட்... ஜப்பானில் மட்டும் 90 விநாடிக்கு அனுமதி! ஒரு பாட்டு, ஒரு ஸ்டெப், யாருக்குச் சொந்தம்?

போன மாதம் ஒரு திங்கட்கிழமை ராத்திரி சென்னையிலிருந்து பஸ் ஏறி, விடியற்காலையில் நல்லம்பள்ளியில் இறங்கினேன். செவ்வாய்க்கிழமை என்றால் எங்கள் ஊரில் சந்தை. இருட்டு விலகுவதற்குள் ஆடுகளின் சத்தம் ஆரம்பித்துவிடும். ஆனால் சித்தப்பா வீட்டுக்குள் நுழைந்தபோது அங்கே வேறு ஒரு பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருந்தது.

எட்டாம் வகுப்புப் படிக்கும் தங்கச்சி, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பள்ளி ஆண்டு விழாவில் ஆறு பேர் சேர்ந்து ஒரு ஹிட் பாட்டுக்கு ஆடியிருக்கிறார்கள். மூன்று வாரம் பயிற்சி. சித்தி முதல் வரிசையில் உட்கார்ந்து போனில் எடுத்து, ஒரு வீடியோ தளத்தில் போட்டிருக்கிறார். பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கும் சித்தப்பா லீவு கிடைக்காமல் விழாவுக்கு வர முடியவில்லை. அவர் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் அதைப் போட்டதே.

மறுநாள் சித்தப்பா போன் செய்தார். "பாப்பா நல்லாத்தான் ஆடுது... ஆனா சத்தமே வரலையே, என் போன் ஸ்பீக்கர் போயிடுச்சா?"

ஸ்பீக்கர் போகவில்லை. பாட்டுக்கு உரிமை உள்ள நிறுவனம் இருப்பதால், வீடியோவின் ஒலி மொத்தமும் மியூட் ஆகிவிட்டது. பாட்டு மட்டும் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. கூட்டத்தின் கைதட்டல், கடைசியில் எங்கள் தாத்தா அடித்த விசில், "எம் பேத்தி!" என்று சித்தியின் பக்கத்தில் அவர் கத்தியது... எல்லாமே சேர்ந்து போய்விட்டன.

"நான் ஆடின டான்ஸுக்கு அவங்க எப்படிக்கா மியூட் போடலாம்?" என்று தங்கச்சி கேட்டாள். டிஜிட்டல் டெஸ்க்கில் தினமும் பாட்டு ரிலீஸ் செய்தி போடுகிறவள் நான். எந்தப் பாட்டு எத்தனை மணி நேரத்தில் எத்தனை வியூஸ் என்று தலைப்பு வைப்பதுதான் என் வேலை. ஆனாலும் அவள் கேள்விக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அது என்னை நேராக ஜப்பானுக்குக் கொண்டுபோய்விட்டது.

கோயி... 'ல்' இல்லாத கோயில் இல்லை!

2016, அக்டோபர் 5. கென் ஹோஷினோ என்ற ஜப்பானியப் பாடகர் ஒரு சிங்கிள் வெளியிட்டார். பெயர் 'கோய்'. ஜப்பானிய மொழியில் காதல் என்று அர்த்தம். ஆறு நாள் கழித்து, அக்டோபர் 11-ம் தேதி, டி.பி.எஸ் சேனலில் ஒரு தொடர் ஆரம்பித்தது. அதன் முடிவுப் பாட்டு இதுதான். தொடரின் பெயரைத் தமிழில் சொன்னால், 'ஓடிப்போவது வெட்கம்தான், ஆனால் உதவும்' என்று வரும். அது ஹங்கேரி நாட்டுப் பழமொழியாம். சுனாமி உமினோ எழுதிய காமிக்ஸ் கதையை வைத்து எடுத்த தொடர்.

கதை நம் வீட்டு சீரியல் ரசிகர்களுக்கும் பிடிக்கும். படித்துவிட்டு வேலை கிடைக்காத ஒரு பெண், தனியாக வாழும் இன்ஜினீயர் ஒருவர் வீட்டில் வீட்டுவேலைக்குப் போகிறாள். ஒரு கட்டத்தில் இருவரும் ஒப்பந்தம் போட்டுக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். மாதச் சம்பளத்துடன் மனைவி! அப்புறம் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்த இன்ஜினீயராக நடித்தவரும் ஹோஷினோதான். பெண்ணாக நடித்தவர் யூய் ஆராகாகி. வாரம் ஒரு முறை, செவ்வாய்க்கிழமை இரவு பத்து மணிக்கு ஒளிபரப்பு. (எங்கள் ஊர்ச் சந்தை நாளேதான்!)

ஒவ்வொரு வாரமும் கதை முடிந்து பெயர்கள் ஓடும்போது, நடிகர்கள் வரிசையாக நின்று இந்தப் பாட்டுக்கு ஆடினார்கள். நடனம் அமைத்தவர் மிகிகோ. 'பெர்ஃப்யூம்' என்ற மூன்று பெண்கள் குழுவின் நடனங்களை அமைத்து ஜப்பானில் பெயர் வாங்கியவர். கை விரல்களுக்கும் மணிக்கட்டுக்கும் வேலை வைக்கும் ஸ்டெப்கள். பார்க்க எளிதாகத் தெரியும், ஆடிப் பார்த்தால் மூச்சு வாங்கும். பாட்டின் வேகம் அப்படி. நான் என் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு முயற்சி செய்தேன். 20 விநாடியைத் தாண்டவில்லை.

ஜப்பான் விடுமா? பள்ளிப் பிள்ளைகள், ஆபீஸ் ஊழியர்கள் என்று எல்லாரும் ஆடி வீடியோ போட்டார்கள். அந்த டிசம்பரில், ஜப்பானுக்கான அமெரிக்கத் தூதர் கரோலின் கென்னடி (ஆமாம், அதிபர் கென்னடியின் மகள்தான்) கிறிஸ்துமஸ் தாத்தா உடையில், தூதரக ஊழியர்களுடன் அதே ஸ்டெப்பை ஆடினார். சுமார் 10 சதவிகிதத்தில் ஆரம்பித்த தொடரின் ரேட்டிங், டிசம்பர் 20-ம் தேதி கடைசி எபிசோடில் 20.8-ஐத் தொட்டது. டிசம்பர் 31-ம் தேதி இரவு நாடே பார்க்கும் என்.ஹெச்.கே பாட்டு நிகழ்ச்சியில் ஹோஷினோ பாடினார். நடுவர் இருக்கையில் இருந்தவர் ஆராகாகி. கேமரா அவர் பக்கம் திரும்பியதும், உட்கார்ந்தபடியே வெட்கத்துடன் கையை மட்டும் ஆட்டினார். கதையில் சேர்ந்த இருவரும் 2021, மே 19-ம் தேதி நிஜத்திலும் கல்யாணத்தை அறிவித்தார்கள் என்பது ஊரறிந்த விஷயம்.

இந்த ஹோஷினோ ஆரம்பத்திலேயே ஸ்டார் இல்லை. இசைக்கருவிகள் மட்டும் வாசிக்கும் ஒரு பேண்டில் இருந்தவர், மேடை நாடக நடிகர். 2012 டிசம்பரில் ஒரு பாட்டு ரெக்கார்டிங் முடித்த கையோடு மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு விழுந்தார். அடுத்த வருடம் மறுபடியும் ஓர் அறுவை சிகிச்சை. எழுந்து வந்த மூன்றே வருடத்தில் நாட்டையே ஆட வைத்த பாட்டு இது. 2017-ம் ஆண்டின் பில்போர்டு ஜப்பான் பட்டியலில் முதலிடமும் இதற்குத்தான்.

அந்த 90 விநாடி

இப்போது தங்கச்சியின் கேள்விக்கு வருகிறேன். மக்கள் எல்லாரும் ஆடி வீடியோ போட ஆரம்பித்ததும், பாட்டின் நிறுவனமான விக்டர் என்டர்டெயின்மென்ட் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கடையில் வாங்கிய சிடியில் இருந்தோ, காசு கொடுத்து டவுன்லோடு செய்தோ பாட்டைப் பயன்படுத்துங்கள். டான்ஸ் வீடியோ 90 விநாடி அளவில் இருக்கட்டும். தொடர் ஓடுகிறவரை நாங்கள் நீக்கச் சொல்ல மாட்டோம் என்றார்கள்.

அனுமதி என்று எழுதிக் கொடுக்கவில்லை, 'நடவடிக்கை எடுக்க மாட்டோம்' என்றுதான் சொன்னார்கள். எங்கள் ஊரில் பக்கத்து நிலத்து வரப்பில் நடந்து போக விடுவது மாதிரி. போகலாம், ஆனால் அது பாதை ஆகிவிடாது. இருந்தாலும் இவ்வளவு தெளிவாக ஒரு கம்பெனி எல்லை போட்டுச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. எத்தனை விநாடி, எந்தப் பாட்டு, எதுவரைக்கும் என்று மூன்றும் தெரிந்தால், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

பாதை மூடிய நாளும் வந்தது. தொடர் முடிந்து பல மாதம் ஆன பிறகு, 2017 ஆகஸ்ட் மாதம் அதே நிறுவனம் 'அந்தச் சலுகை முடிந்தது' என்று அறிவித்தது. செப்டம்பர் முதல் வாரத்துக்குள் வீடியோக்களை நீங்களே நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் நாங்கள் நீக்க வைப்போம் என்றது. ரசிகர்கள் வருத்தப்பட்டார்கள். பாட்டு ஓடுகிறவரை நாங்கள் இலவச விளம்பரம், ஓடி முடிந்ததும் நாங்கள் வேண்டாமா என்பதுதானே அந்த வருத்தம்?

கம்பெனி சொன்ன தேதிக்குள் சொன்னதைச் செய்தது, அதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் கல்யாண வீட்டில் ஆடியதையும், வேலையை விட்டுப் போகும் நண்பருக்காக ஆபீஸில் ஆடியதையும் எடுத்து வைத்திருந்தவர்களுக்கு அது வெறும் 'பாட்டு வீடியோ' இல்லையே. தாத்தாவின் விசில் அதில் இருக்கிறது.

ஹோஷினோ இன்னொரு வழியும் காட்டினார். 2020 ஏப்ரல், கொரோனா ஊரடங்கு நேரம். வீட்டில் உட்கார்ந்து கிடார் வாசித்து, 'வீட்டிலேயே ஆடுவோம்' என்று ஒரு சின்னப் பாட்டை இன்ஸ்டாகிராமில் போட்டார். யார் வேண்டுமானாலும் இதனுடன் சேர்ந்து வாசிக்கலாம், பாடலாம், ஆடலாம் என்று அவரே அழைத்தார். ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள். ஏப்ரல் 12-ம் தேதி பிரதமர் ஷின்ஸோ அபேவும் வந்தார். பாட்டு ஒரு பக்கம் ஓட, மறுபக்கம் அவர் சோபாவில் நாயைக் கொஞ்சிக்கொண்டு, டீ குடித்துக்கொண்டு இருந்தார். வேலை போய்த் தவித்தவர்களுக்குக் கோபம் வந்தது. தனக்கு முன்கூட்டியும் யாரும் சொல்லவில்லை, பின்னாலும் சொல்லவில்லை என்று ஹோஷினோ தெரிவித்தார். எல்லாருக்கும் திறந்த கதவு என்றால் பிரதமரும் வருவார்தான், என்ன செய்வது!

நம்ம ஊர் பாட்டும் ஜப்பான் பிரதமரும்

பிரதமர் என்றதும் ஞாபகம் வருகிறது. 2011, நவம்பர் 16-ம் தேதி, '3' படத்திலிருந்து ஒரே ஒரு பாட்டை மட்டும் தனியாக வெளியிட்டார்கள். கொலவெறி! அனிருத்துக்கு அப்போது 21 வயது. அதற்கு முன்பே பாட்டின் சுமாரான பதிவு ஒன்று வெளியே கசிந்துவிட்டது. கசிந்ததை நிறுத்த முடியாது என்று தெரிந்ததும், ஸ்டுடியோவில் தனுஷ் பாடுவதையே வீடியோவாக எடுத்து சோனி மியூசிக் அதிகாரபூர்வமாக விட்டது. அதன் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். அந்த டிசம்பர் 28-ம் தேதி, டெல்லிக்கு வந்திருந்த ஜப்பான் பிரதமர் யோஷிஹிகோ நோடாவுக்கு மன்மோகன் சிங் கொடுத்த விருந்துக்குத் தனுஷுக்கும் அழைப்பு போனது. பாட்டு வந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. படம் தியேட்டருக்கு வந்தது 2012 மார்ச் 30-ம் தேதி. அதாவது படம் வருவதற்கு மூன்று மாதம் முன்பே அதன் பாட்டு பிரதமர் விருந்து வரை போய்விட்டது.

இதற்கு ஜப்பானில் ஓர் இரட்டைப் பிறவி உண்டு. பேனா, ஆப்பிள், அன்னாசியை வைத்து ஒருவர் ஆடினாரே, மறந்திருக்க மாட்டீர்கள். பிக்கோ தாரோவின் அந்தப் பாட்டு யூடியூபில் வந்தது 2016, ஆகஸ்ட் 25. ஒரு மாதம் கழித்து ஜஸ்டின் பீபர் ட்வீட் போட, உலகம் முழுக்கப் பரவியது. அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலுக்குள் 77-ம் இடத்தில் நுழைந்தது. 45 விநாடிதான், அந்தப் பட்டியலில் நுழைந்த மிகக் குட்டியான பாட்டு என்று கின்னஸ் சான்றிதழும் வாங்கியது. 2017 நவம்பரில் டிரம்ப் டோக்கியோ வந்தபோது நடந்த அரசு விருந்துக்கு இவருக்கும் அழைப்பு! டான்ஸ் பாட்டு ஹிட்டானால் தலைவர்கள் சாப்பாடு போடுவார்கள் என்பதற்கு இரண்டு நாட்டிலும் சாட்சி இருக்கிறது.

கொலவெறி காலத்தில் பாட்டைக் கேட்டார்கள், பார்த்தார்கள், பகிர்ந்தார்கள். இப்போது ஆடுகிறார்கள். 2018 டிசம்பரில் வந்த 'மாரி 2' படத்தின் 'ரௌடி பேபி' வீடியோவில் பிரபுதேவா அமைத்த ஸ்டெப்பை எங்கள் ஊர்க் கல்யாணங்களில் மாப்பிள்ளை, பெண், பெண்ணின் அத்தை எல்லாரும் ஆடியிருக்கிறார்கள். 2020 நவம்பரில் அது யூடியூபில் 100 கோடி பார்வைகளைத் தாண்டியது. தென்னிந்தியப் பாட்டு எதுவும் அதற்கு முன் அங்கே போனதில்லை.

2024-ல் இன்னொரு மாற்றம். பாடகர்கள் திப்பு - ஹரிணி தம்பதியின் மகன் சாய் அபயங்கர், ஜனவரியில் 'கட்சி சேர', ஜூனில் 'ஆசை கூட' என்று இரண்டு சிங்கிள் விட்டார். இரண்டும் எந்தப் படத்திலும் இல்லை. ஒன்றில் சம்யுக்தா விஸ்வநாதன், இன்னொன்றில் ப்ரீத்தி முகுந்தன் ஆடினார்கள். இரண்டாவது பாட்டில் சாயுடன் சேர்ந்து பாடியவர் அவர் தங்கை சாய் ஸ்மிருதி. படம் இல்லை, ஹீரோ இல்லை, பேனர் இல்லை. ஒரு ஸ்டெப் இருந்தது. அதைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். ஆண்டு விழா சீசனில் எந்தப் பள்ளி காம்பவுண்டைத் தாண்டினாலும் உள்ளே இருந்து அந்தப் பாட்டுகள் கேட்கும்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு டான்ஸ் மாஸ்டர் யார் தெரியுமா? போன்தான். வீடியோவைப் பாதி வேகத்தில் ஓட விட்டு, சுவரில் சாய்த்து வைத்துப் பழகுகிறார்கள். எதிரே நிற்பவரைப் பார்த்து ஆடுவதால் வலது இடதாக மாறிவிடும். ஆறு பேரில் இரண்டு பேர் எதிர்ப்பக்கம் கை நீட்டுவார்கள். தங்கச்சி குழுவிலும் அதுதான் நடந்தது. கடைசியில் டீச்சர், "எல்லாரும் தப்பா ஆடுங்க, ஒரே மாதிரி தப்பா ஆடுங்க" என்று தீர்ப்புச் சொன்னாராம்.

ஆடினது தப்பா?

இல்லை. இதைச் சித்தியிடம் நான் முதலில் சொன்னேன். ஏனென்றால் அவர், "போலீஸ் கேஸ் ஏதாவது ஆகிடுமா கண்ணு?" என்று பயந்துபோய் இருந்தார்.

இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1957-ன் 52-வது பிரிவில் பள்ளிகளுக்கென்றே ஒரு விலக்கு உண்டு. பள்ளியின் நிகழ்ச்சியில், மாணவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர், பள்ளியோடு தொடர்புள்ளவர்கள் மட்டும் பார்வையாளர்களாக இருக்கும்போது, பாட்டைப் போட்டு ஆடுவது உரிமை மீறல் ஆகாது. ஆண்டு விழா மேடையில் தங்கச்சி ஆடியது சட்டப்படியே சரி. அதே டான்ஸை வீடியோவாக இணையத்தில் போட்டதும் அந்த விலக்குக்கு வெளியே வந்துவிடுகிறது. பெற்றோர் மட்டும் பார்த்த இடத்திலிருந்து உலகமே பார்க்கும் இடத்துக்குப் பாட்டு போகிறதே!

மியூட் போட்டது ஓர் ஆள் இல்லை. பாட்டு நிறுவனங்கள் தங்கள் பாட்டுகளின் ஒலியை வீடியோ தளங்களிடம் கொடுத்து வைத்திருக்கும். கைரேகை மாதிரி ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் ஒலிரேகை. புது வீடியோ ஏறியதும் கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தினால், நிறுவனம் முன்பே சொல்லி வைத்தது நடக்கும். சிலர் வீடியோவை விட்டுவிட்டு விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்வார்கள், சிலர் தடுப்பார்கள். ஒலி மட்டும் நிற்பதும் உண்டு. அந்தக் கம்ப்யூட்டருக்குப் பாட்டு தெரியும், தாத்தாவின் விசில் தெரியாது.

தங்கச்சிக்கு நான் சொன்னதில் அவளுக்குப் பிடித்தது ஒன்று உண்டு. நம் சட்டத்தில் நடன அமைப்புக்கும் உரிமை இருக்கிறது. எழுத்திலோ வேறு வகையிலோ பதிவாகியிருந்தால், அதை நாடகப் படைப்பு வகையில் சேர்க்கிறார்கள். பாடலாசிரியர், இசையமைப்பாளர் இருவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு என்று 2012 திருத்தம் உறுதி செய்தது. காகிதத்தில் இருப்பது கைக்கு வருகிறதா என்பது வேறு கதை. 'எஞ்சாய் எஞ்சாமி' 2021 மார்ச் 7-ம் தேதி வந்து ஊரே கொண்டாடிய பாட்டு. மூன்று வருடம் கழித்து 2024 மார்ச் மாதம், அதில் தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார்.

"பாட்டுப் போட்டவங்களுக்கே காசு வரலன்னா, அப்ப எனக்கு எதுக்குக்கா மியூட்டு?" என்றாள் தங்கச்சி. இதற்கும் என்னிடம் பதில் இல்லை. இதை மட்டும் எடிட்டரிடம் கேட்டேன். "கட்டுரையில் அப்படியே போடு" என்றார்.

ஒலி போய்விட்டது என்று அழும் வீடுகளுக்கு ஒரு விஷயம். பெரும்பாலான ஆப்களில், உள்ளேயே இருக்கும் பாட்டுப் பட்டியலில் இருந்து பாட்டைச் சேர்த்துச் சின்ன வீடியோ போட்டால் சாதாரணக் கணக்குகளுக்குப் பிரச்னை வராது. அந்தப் பாட்டுகளுக்கு ஆப் நிறுவனம் ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டு வைத்திருக்கும். ஸ்பீக்கரில் ஓடும் பாட்டை மேடையிலிருந்து அப்படியே பதிவு செய்வதுதான் அதிகமாக மாட்டுகிறது. வீட்டுக்காரர்கள் பார்க்க மட்டும்தான் என்றால் பொதுவில் போடவே வேண்டாம். பிள்ளைகள் முகம் தெரியும் வீடியோ என்பதால் அதுவே எனக்கும் நிம்மதி. இன்னொன்று, ஏற்றியாயிற்று என்று போனிலிருந்து ஒரிஜினலை அழித்துவிடாதீர்கள்.

சித்தி அழித்திருந்தார். 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று வந்ததாம். நல்லவேளை, போனின் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும் வசதி இருந்தது. 22-வது நாளில் எடுத்தோம்.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் மங்கலாகும் என்பதால், 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்துச் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். சந்தைக்குப் போன தாத்தா ஓர் ஆட்டுக்குட்டியோடு திரும்பி வரும் நேரத்துக்கு அங்கிருந்து போன் வந்தது.

"பாப்பா இருக்காளா? போனைக் குடு. இல்ல, மொதல்ல எங்கப்பாகிட்ட குடு... அந்த வயசுல எதுக்கு அப்படி விசில் அடிக்கிறாரு!"